பார்டர்காரனுக்கு ஓவன் ஜோன்ஸ் சொன்னது

பட்டுச் சேலைக்கு பார்டரும் புட்டாவும் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. புது மாதிரிக்காக இணையத்தை மேய்வதும் அதில் சேர்த்திதான். அப்படி மேய்ந்ததில் உருப்படியாகக் கிடைத்தவர் ஓவன் ஜோன்ஸ். 1809 முதல் 1874 வரை வாழ்ந்த லண்டன்காரர். அலங்காரக் கலையில் பித்தாக இருந்தவர். அவரைத் தேடிப் படித்ததில் எனக்குக் கைகொடுத்த சில வழிகள் இவை.

படத்துக்கு ஊர், பேர் கண்டுபிடியுங்கள். இணையத்தில் சுற்றும் பழைய டிசைன்கள் ஓரம் வெட்டுப்பட்டு, நிறம் மாறி, பெயரில்லாமல் வரும். படத்தையே கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் மூலம் சிக்கிவிடும். எனக்குப் பிடித்த ஒரு கட்டக் கோலம், 1856-ல் வெளிவந்த ஜோன்ஸின் 'தி கிராமர் ஆஃப் ஆர்னமென்ட்' நூலில் கொண்டுபோய் விட்டது. எகிப்து, கிரேக்கம், பாரசீகம், இந்தியா, சீனா என நூறு வண்ணப் பக்கங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே புரட்டலாம்.

ஆளின் கதையையும் படியுங்கள். 1834-ல் ஜோன்ஸும் பிரெஞ்சு நண்பர் ஜூல் கூரியும் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் தங்கி, சுவர் வேலைப்பாடுகளை வரைந்தும் அச்செடுத்தும் குவித்தார்கள். கூரி அங்கேயே காலராவுக்குப் பலியானார். ஜோன்ஸ் விடவில்லை, 1837-ல் மறுபடி போனார். அந்த நிறங்களை அச்சில் கொண்டுவர லண்டனில் சரியான ஆள் அமையாததால், நிறத்துக்கு ஒரு கல் வைத்து அச்சடிக்கும் முறையைத் தானே பழகி, தானே அச்சிட்டார். வேலை 1845 வரை இழுத்தது. இது தெரிந்தபின் அவர் படத்தை ஒரு தள்ளலில் கடந்துபோக விரல் வராது.

பெரிதாக்கித் தடம் பிடியுங்கள். எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஒவ்வொரு இலையும் கிளை வழியே தாய்த்தண்டில் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் விதி. ஓரத்து இலையில் விரலை வைத்துத் தண்டுவரை போய்ப் பாருங்கள். என் முந்தி டிசைனையும் இப்படித்தான் சோதிக்கிறேன். அந்தரத்தில் தொங்கும் இலை உடனே மாட்டிக்கொள்ளும்.

எழுத்தைத் தாண்டாதீர்கள். படம் பார்க்கும் அவசரத்தில் பலரும் விட்டுவிடும் 37 விதிகள் நூலின் முன்பகுதியில் இருக்கின்றன. எனக்குச் சோறு போட்டவை அவைதான். எதிர் நிறத் தரையில் பூ வைத்தால், பூவின் நிறத்தையே வெளிறச் செய்து ஓரம் கட்ட வேண்டும். தங்கத் தரை என்றால் அடர் நிறத்தில். பச்சை உடலில் சிவப்புப் புட்டா கண்ணை உறுத்தும்; சுற்றி ஓர் இழை வெளிர் சிவப்பு ஓடினால் அடங்கிவிடும். ஜரிகைத் தரையில் சிவப்பு மாங்காய்க்கு அரக்கு ஓரம் கொடுத்தால், எட்டி நின்றாலும் வடிவம் பளிச்சென்று தெரியும்.

எல்லாமே வேதவாக்கு இல்லை. நிறங்கள் இசைந்து நிற்க மஞ்சள் 3 பங்கு, சிவப்பு 5, நீலம் 8 என்று ஒரு கணக்கு சொல்கிறார். 1851-ல் லண்டன் கண்காட்சிக் கூடமான கிரிஸ்டல் பேலஸின் இரும்புச் சட்டங்களுக்கு இந்த மூன்று நிறங்களைத்தான் பூசவைத்தார். மஞ்சளும் அரக்கும் தூக்கலாக நிற்கும் நம் கல்யாணப் பட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அப்படியே எடுத்துப் போடாதீர்கள். காப்புரிமை முடிந்த நூல், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால், பழையதை நகலெடுக்கும் பழக்கத்துக்கு முட்டுக்கட்டை போடத்தான் அவர் இந்த நூலையே தொகுத்தார். கடைசி அத்தியாயம் முழுக்க நிஜ இலைகளும் பூக்களும்தான். மேலும், ஒரே பக்கத்தை ஊரே எடுத்துப் போட்டால் உங்களுக்குத் தனியாக எதற்குக் கூலி? விதியை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இலையை உங்கள் கொல்லையில் பறியுங்கள்.