நீரிழிவும் தமனி நோயும்: கொழுப்பைக் கையாளும் ஒரு நொதி தரும் பாடம்

நீரிழிவைப் பேச்சு வழக்கில் சர்க்கரை நோய் என்றே குறிப்பிடுகிறோம். இப்பெயர் தவறன்று, ஆயினும் நோயின் ஒரு பாதியை மட்டுமே அது காட்டுகிறது. நீரிழிவு உள்ளோரின் மரணத்திற்குத் தலையாய காரணம், இதயத்திற்கும் மூளைக்கும் இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளில் ஏற்படும் அடைப்பேயாகும். அவ்வடைப்பில் கொழுப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 இல் வெளியாயின. 2021 இல் நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருந்தனர் என அது மதிப்பிட்டது. வயது வந்தோரில் நூற்றுக்கு 81 பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு முறைகேடு காணப்பட்டது என்பதும் அதே ஆய்வின் முடிவே. முதல் இரு எண்களும் பரவலாகப் பேசப்பட்டன. மூன்றாவது எண் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை.

நொதியின் பணி

கொழுப்பு நீரில் கரைவதில்லை. ஆகவே புரத உறை பூண்ட நுண்துகள்களாகவே அது இரத்தத்தில் செல்கிறது. இத்துகள்களைச் சரக்கு வண்டிகளுக்கு ஒப்பிடலாம். உணவுக் கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றி வருபவை ஒரு வகை. கல்லீரலில் உருவாகும் கொழுப்பை ஏற்றி வருபவை மற்றொரு வகை. இரண்டிலும் முக்கியச் சரக்கு ட்ரைகிளிசரைடு. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள தந்துகிகளின் உட்சுவரில் அமர்ந்து, இச்சரக்கைப் பிரித்து இறக்கும் நொதியே லிப்போபுரோட்டீன் லைப்பேஸ்.

1943 இல் பால் ஹான் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு விந்தையைக் கண்டார். கொழுப்பு மிகுந்த உணவு உண்ட நாய்களின் இரத்த நீர்மம் பால்போல் கலங்கியிருந்தது. இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினைச் செலுத்தியதும் அது தெளிந்தது. சுவரில் ஒட்டியிருந்த நொதியை ஹெப்பாரின் விடுவித்ததே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. 1955 இல் எட்வர்டு கார்ன் அந்நொதிக்கு இன்றைய பெயரை அளித்தார்.

இன்சுலின் குறையும்போது

உணவுக்குப் பின் கொழுப்புத் திசுவில் இந்நொதியைத் தூண்டுவது இன்சுலின். இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ மூன்று தீமைகள் ஒருங்கே நேர்கின்றன. முதலாவது, சரக்கு இறக்கும் பணி மந்தமடைகிறது. இரண்டாவது, கொழுப்புத் திசுவில் சேமித்தது கரைந்து கல்லீரலுக்குச் செல்ல, கல்லீரல் மேலும் பல வண்டிகளை அனுப்புகிறது. மூன்றாவது, நொதியைத் தடுக்கும் புரதமொன்றும் மிகுகிறது. வரத்து பெருகி, இறக்கும் திறன் குறைந்தால் நிலையத்தில் தேக்கம் ஏற்படும் என்பதைப் பொருளியல் மாணவர்க்கு விளக்கத் தேவையில்லை.

பாதி இறக்கப்பட்ட துகள்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. நன்மை தரும் எச்.டி.எல். குறைகிறது. தீங்கு தரும் எல்.டி.எல். துகள்கள் சிறியனவாகவும் செறிந்தனவாகவும் மாறுகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் நுரை போன்ற உருவெய்திப் படிவமாகின்றன. படிவம் வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு நேர்கிறது.

இந்நொதிக்கு வேறொரு முகமும் உண்டு. தமனிச் சுவரிலுள்ள வெள்ளணுக்களும் இதனைச் சுரக்கின்றன. அங்கே இது துகள்களைச் சுவரோடு பிணைத்து நிறுத்தத் துணைபோகிறது. தசையில் நன்மை செய்யும் பொருளே தமனியில் தீமைக்குத் துணையாவதால், நொதியைக் கண்மூடித்தனமாகத் தூண்டுவது தீர்வாகாது.

ஆய்வுகள் காட்டும் வழி

2022 இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு உள்ள 10,497 பேரில் ஒரு பகுதியினர்க்கு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் பெமாஃபைப்ரேட் என்னும் மருந்து தரப்பட்டது. அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. சரக்கு இறங்கியது, ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். குறியீட்டெண் ஒன்றைக் குறைப்பதே நலம் ஆகிவிடாது என்னும் பாடம் திட்டமிடுவோர்க்கும் பொருந்தும்.

மாறாக, வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பவை ஸ்டேட்டின் மருந்துகள். ஜப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ 1970களில் கண்டறிந்த இவ்வகை மருந்துகள், கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாக்கும் வேறொரு நொதியைத் தடுக்கின்றன. 2004 இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், நீரிழிவு உள்ள 2,838 பேரிடையே நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் அட்டர்வாஸ்டேட்டின் பெற்றவர்களுக்குப் பெரும் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 37 விழுக்காடு குறைந்தன.

டென்மார்க்கில் 160 நோயாளிகளிடம் நடந்த ஸ்டெனோ ஆய்வு இன்னும் தெளிவானது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி, புகைபிடித்தல் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கவனித்தபோது, எட்டு ஆண்டுகளுக்குள் இதய நோய் நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாயின. 21 ஆண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோது, அவ்வாறு கவனிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தமை தெரிந்தது.

நிர்வாகத்திற்குரிய பாடம்

தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் 30 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீரிழிவுச் சோதனையும் இரத்த அழுத்தச் சோதனையும் செய்யப்படுகின்றன. இது பெரும் முன்னேற்றம். எனினும், நீரிழிவு உறுதியானவரின் அட்டையில் சர்க்கரை அளவு மட்டும் பதிந்து நிற்குமாயின் பணி பாதியிலேயே நிற்கிறது. கொழுப்புச் சோதனையும், மருத்துவர் தேவையெனக் கருதினால் ஸ்டேட்டின் மாத்திரையும் அவருக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும். மாவட்ட அளவிலான மதிப்பீட்டு அறிக்கைகளிலும் இவற்றுக்குத் தனித்தனி இடம் தேவை.

இதனைச் செலவு எனக் கருதுதல் தகாது. நம் நாட்டில் மாரடைப்பு மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே தாக்குகிறது. உழைத்து ஈட்டுபவர் வீழ்ந்தால் குடும்பத்தின் வருவாயும் பிள்ளைகளின் கல்வியும் சேர்ந்தே குலைகின்றன. காப்புரிமைக் காலம் முடிந்து மலிவாகிவிட்ட மாத்திரையின் விலையை, அடைப்பு நீக்கும் சிகிச்சையின் செலவோடும் இழந்த உழைப்பு நாட்களோடும் ஒப்பிட்டால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

சர்க்கரையை அளந்து நோயைக் கண்டறிகிறோம். கொழுப்பையும் அழுத்தத்தையும் சேர்த்து அளந்தால்தான் நோயாளியைக் காக்க இயலும்.