மகாதமனி வெடிப்பு: ஆபரேஷனுக்குப் பிறகு

கேள்வி: வயிற்றில் மகாதமனி வீங்கி வெடித்ததால் அப்பாவுக்கு அவசர ஆபரேஷன் நடந்தது. இப்போது சிறுநீர் வரவில்லை, டயாலிசிஸ் செய்கிறார்கள். சிறுநீரகம் மீளுமா?

பதில்: பலருக்கு மீள்கிறது, சில வாரங்கள் ஆகலாம். ரத்தம் நிறைய வெளியேறி அழுத்தம் சரிந்தபோதும், தமனியைக் கவ்வி போட்டு அடைத்தபோதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் போயிருக்கும். அது தேறும்வரை டயாலிசிஸ் உயிரைக் காக்கிறது.

வயிறு உப்பினாலோ, ரத்தம் கலந்த பேதி போனாலோ, கால் குளிர்ந்து நிறம் மாறினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். குடலுக்கோ காலுக்கோ ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். வீடு திரும்பிய பின் காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பு மலம் என எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். பொருத்திய செயற்கைக் குழாயில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். அப்பா புகைப்பவரென்றால் அடியோடு விட வேண்டும். மகாதமனி வீக்கம் குடும்பத்தில் தொடரக்கூடியது. நீங்களும் உடன்பிறந்தவர்களும் வயிற்று அல்ட்ராசவுண்ட் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.