விலங்கியல் படிக்க விரும்பும் மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதிக்கொள்வது.

பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாய் என்பதும், விலங்கியல் படித்துப் பாம்புகளை ஆராய விரும்புகிறாய் என்பதும், "பாம்பு பிடிக்கிற ஜாதி என்கிற பேர் என்னோடு போகட்டும், நீ டீச்சராகு" என்று உன் தகப்பனார் தடுக்கிறார் என்பதும் உன் கடிதத்தால் தெரிந்தன. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. 1970-களில் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் அற்றுப்போனபோது நம் இருளர் குடும்பங்கள் பட்ட பட்டினியையும், முன்பணம் வாங்கிவிட்டு அரிசி ஆலையில் கொத்தடிமையாய்க் கிடந்த உறவினரையும் பிள்ளைப் பிராயத்திலேயே கண்ட மனிதர், பிழைப்பென்றால் மாதச் சம்பளந்தான் என்று முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை.

ஆயினும் என் அபிப்பிராயம் உன் பக்கமே. டீச்சர் உத்தியோகத்தை நான் தாழ்த்தவில்லை. அதிலேயே தலை நரைத்தவன் நான். ஆனால் வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட நம் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நாகத்தையும் விரியனையும் கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோலைக் கடிக்கச் செய்து விஷமெடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுச் சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுவதை நீ கண்டிருக்கிறாய். அந்த விஷம் மருந்தாகித் திரும்பும் வரையிலுள்ள சோதனைச்சாலை வேலைகளிலும் நம் பெண்ணொருத்தியின் கை படவேண்டும் என்பதே என் ஆசை. நம் இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா வரை சென்று மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீயும் பெற்றார்கள். அத்தகையோர் அறிந்ததை ஆராய்ச்சியாக எழுதும் ஸ்தானம் மட்டும் இன்னும் பெரும்பாலும் பிறரிடமே இருக்கிறது.

இவ்வளவுக்கும் முன்னே ஜாதிச் சான்று வேண்டும். நம்மைப் போன்ற பழங்குடியினருக்கு அதைத் தருபவர் தாசில்தார் அல்லர், கோட்டாட்சியர். உன் தகப்பனாரிடம் சான்று இல்லாதபடியால் விசாரணை நீளும். கல்லூரிச் சேர்க்கை அதற்காகக் காத்திராது. ஆகையால் இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்து. பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டு இனத்தைச் சோதிக்கிற அதிகாரிகளும் உண்டு. கோபம் வரும், நயமாகவே பேசு, மறுத்தால் மட்டும் காரணத்தை எழுத்தில் தரச்சொல். சான்று இல்லையேல் இடஒதுக்கீடும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை.

அந்தப் பணமும் தாமதித்தே வரக்கூடும். கல்லூரிக் கட்டணத்துக்கென்று சூளைக்காரரிடமோ ஆலைக்காரரிடமோ உன் தகப்பனாரை முன்பணம் வாங்க விடாதே. எனக்கு ஒரு வரி எழுது. என் பென்ஷன் அதற்குப் போதும்.

இப்படிக்கு,
உன் மாமன்