அறையின் உருவமும் அகத்தின் நிலையும்

இடத்தின் உருவம் மனத்தின்மீது செலுத்தும் ஆதிக்கத்தை உணர விரும்புவோர், பரமக்குடியிலிருந்து இராமேசுவரம் சென்று, அங்குள்ள திருக்கோயிலில் 18ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் எழுப்பிய மூன்றாம் பிரகாரத்தில் ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். ஒத்த தோற்றமுடைய தூண்கள் ஒரே சீரான இடைவெளியில் தொடர்ந்து சென்று தொலைவிலே குவிவதால், கண் முன்னே ஈர்க்கப்படுகிறது, கால்கள் தாமே ஒரு நிதானத்தை வகுத்துக்கொள்கின்றன, பேச்சும் அடங்குகிறது. இந்த நியதியே நம் சிறிய வீடுகளிலும் இயங்குகிறது. ஆகவே, பரமக்குடியில் தறி போட்ட வீட்டைச் செப்பனிட எண்ணும் நெசவாளர் குடும்பத்தார் கீழ்க்கண்ட முறையைக் கைக்கொள்ளலாம்.

1. முதலில் காரியத்தை நிச்சயியுங்கள். நெய்வதற்கா, உறவினரோடு அளவளாவுவதற்கா, துயில்வதற்கா என்று தெளியாமல் அமைக்கும் அறை எதற்கும் முழுமையாக உதவாது.

2. பின்னர் உயரத்தைக் கருதுங்கள். 2007இல் ஜோன் மேயர்ஸ்-லெவி, ரூய் சூ என்னும் ஆய்வாளர் இருவர் 8 அடி, 10 அடி உயரக் கூரைகளின்கீழ் அமர்ந்தோரை ஒப்பிட்டு, உயர்ந்த கூரை விரிந்த சிந்தனைக்கும் தாழ்ந்த கூரை நுட்பங்களில் ஊன்றும் கவனத்திற்கும் துணைபுரிவதாகக் கண்டனர். எனினும், வெப்பம் மிகுந்த நம் சீமையில் தறிக்கூடத்தின் கூரையைத் தாழ்த்துவது உசிதமன்று. விளக்கைப் பாவுக்கு மேலே இறக்கித் தொங்கவிட்டால், ஒளிவட்டத்திற்குள் கண் ஒடுங்கி, தாழ்ந்த கூரையின் பயன் ஓரளவு சித்திக்கலாம்.

3. சன்னலைக் குழித்தறியில் அமர்ந்தவரின் கண்மட்டத்தை அனுசரித்துப் பக்கச்சுவரில் வையுங்கள். நின்றவரின் உயரத்திற்கு வைத்த சன்னல், நாள் முழுதும் தாழ அமர்ந்து உழைப்பவருக்கு வெறுஞ்சுவரையே மிச்சமாக்கும்.

4. கூர்முனைகளை மழுக்குங்கள். வளைந்த விளிம்புடைய பொருள்களைக் காட்டிலும் கூரியவற்றை மக்கள் குறைவாகவே விரும்புகின்றனர் என்பதை மோஷே பார், மைதல் நேதா ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆராய்ச்சி புலப்படுத்திற்று. திண்ணையின் ஓரம், தூணின் முனை, மாடத்தின் விளிம்பு ஆகியவற்றைப் பூச்சின்போதே உருட்டிவிடச் சொல்லுங்கள்.

5. நீளத்தை ஆளுங்கள். தெருவாசலிலிருந்து கொல்லைவரை நேராக ஓடும் வெளி, நடப்பதற்கு உகந்தது, அமர்வதற்கு உகந்ததன்று. விருந்தினர் இருக்கைகளை அக்கோட்டிலிருந்து விலக்கி, ஒருவர் முகத்தை ஒருவர் காணும்படி வளைவாகப் போடுங்கள்.

6. இறுதியாக, செலவு செய்யுமுன் பரீட்சித்துப் பாருங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடிட்டு, பாய்களையும் பெட்டிகளையும் அதற்கேற்ப நகர்த்தி, காலையிலும் மாலையிலும் முதியோர் எங்கே விரும்பி அமர்கின்றனர், குழந்தைகள் எங்கே ஒதுங்குகின்றனர் என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

பிறர் உடுத்தி மகிழும் அழகைத் தம் கையால் படைப்பவர், தம் உடலுக்கும் உள்ளத்துக்கும் இசைந்த அறையில் அமர்ந்து உழைத்தல் ஆடம்பரமன்று. அவருக்குரிய நியாயமே ஆகும். ஆதலால், கொத்தனாரிடம் அளவு சொல்லுமுன், அந்த அறையில் அதிக நேரம் அமர்பவரிடம் அபிப்பிராயம் கேளுங்கள்.