டென்னிஸ் தரவரிசை: நான்கு நம்பிக்கைகளும் உண்மைகளும்

நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். ஆனாலும் இங்கே ஒரு பிள்ளை டென்னிஸ் ஆட ஆசைப்பட்டால், டிவியில் பார்த்த ஜோகோவிச்சை வைத்தே வீட்டில் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: சர்வதேசப் போட்டியில் ஆடினாலே பணம் கொட்டும்.

உண்மை: தொழில்முறை ஆட்டத்தின் முதல் படி எம்15 போட்டி. மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். அறை வாடகை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி, அடுத்த ஊருக்கு டிக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலேயே, ஆண்களில் சுமார் 336-ஆம் இடம் வரைதான் வரவும் செலவும் சரிக்கட்டுகிறது என்றது.

நம்பிக்கை: 200-க்குப் பின்னால் இருப்பவருக்குத் திறமை போதாது.

உண்மை: 2017-இல் துருக்கியின் அன்டால்யாவில், 222-ஆம் இடத்திலிருந்த சென்னை ராம்குமார் ராமநாதன், உலகின் 8-ஆம் நிலை வீரர் டொமினிக் தீம் என்பவரை 6-3, 6-2 என்று வீழ்த்தினார். அடுத்த ஆண்டு நியூபோர்ட் ஏடிபி போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனார். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் 111.

நம்பிக்கை: நாட்டின் முதல்நிலை வீரருக்குப் பணக்கஷ்டம் வராது.

உண்மை: 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரர் சுமித் நாகல், வங்கியில் 900 யூரோதான் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுச் செலவோ 80 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய். 2024 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்று தாண்டி, பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்றதற்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அடுத்த மாதம் சென்னை சேலஞ்சர் போட்டியை வென்று தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தார்.

நம்பிக்கை: ஒருமுறை மேலே ஏறிவிட்டால் இடம் நிலைக்கும்.

உண்மை: வென்ற புள்ளிகள் 52 வாரத்தில் கழிந்துவிடும். அடிபட்டு ஓய்ந்தால் தரவரிசையும் வருமானமும் சேர்ந்தே சரியும். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் பல ஆண்டுகளை இழந்தவர். மீண்டு வந்து 2019-இல் 75-ஆம் இடம் பிடித்தார். 2024-இல் ஓய்வு பெற்றார்.

ஆகவே, தரவரிசை எண்ணை வைத்து ஒருவரின் உழைப்பை எடை போடாதீர்கள். பட்டம் வென்ற பிறகு மாலை போட ஊரே திரளும். 156 டாலரோடு திரும்பும் வாரத்தில் அடுத்த போட்டிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பவரே அந்த வீரரை ஆட்டத்தில் நிறுத்துகிறார்.