சிறு லோரியும் சீரான அளவும்

தோட்டப்புறச் சிறுவர்கள் பால் டின்னைக் கொண்டு வண்டி செய்து, தேய்ந்த சிலிப்பரை வட்டமாக நறுக்கிச் சக்கரமாக்கி, கயிறு கட்டி இழுத்து மகிழ்வதை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். காசு செலவின்றிக் கைத்திறத்தால் விளையும் அவ்வண்டி பாராட்டத்தக்கதே. எனினும், அதே டின்னையும் அதே சிலிப்பரையும் கொண்டு, கடைக்குச் சரக்கு இறக்க வரும் லோரியின் உண்மையான உருவத்தை அப்படியே சுருக்கி அமைக்கவும் இயலும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே, அஃது அளவு. முன்னது கண்ணால் மதிப்பிட்டுச் செய்யப்படுவது. பின்னது அளந்து செய்யப்படுவது. அளந்து செய்யக் கற்ற பிள்ளை, விளையாட்டினூடே ஒரு தொழிலின் முதற்பாடத்தையும் கற்றுவிடுகிறது. அப்பாடத்தை இங்குப் படிப்படியாகக் காண்போம்.

அளவுத்திட்டம் என்பது யாது?

ஒரு பொருளின் எல்லாப் பகுதிகளையும் ஒரே வீதத்தில் சுருக்கிக் காட்டுவதே அளவுத்திட்டம் எனப்படும். நாம் 25-இல் ஒரு பங்கு என்னும் வீதத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வாறாயின், லோரியில் 1 மீட்டர் உள்ள பகுதி மாதிரியில் 4 சென்டிமீட்டர் ஆகும். கணக்கிடும் வழியும் எளிதே. லோரியில் அளந்த சென்டிமீட்டரை 4-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால், மாதிரிக்குரிய மில்லிமீட்டர் கிடைத்துவிடும்.

சரக்குப் பெட்டியின் நீளம் 420 செ.மீ. எனின், மாதிரியில் அது 168 மி.மீ. அகலமும் உயரமும் 210 செ.மீ. எனின், ஒவ்வொன்றும் 84 மி.மீ. சக்கரத்தின் குறுக்களவு 77 செ.மீ. எனின், ஏறத்தாழ 31 மி.மீ. இவ்வாறு பெரும் பகுதி முதல் சிறு திருகு வரை யாவும் ஒரே வீதத்தில் சுருங்க வேண்டும். ஒன்றை மட்டும் கண்ணுக்கு அழகாகத் தோன்றுகிறது என்று பெரிதாக்கினால், ஏனையவை அனைத்தும் பொய்த்துவிடும்.

கடைகளில் விற்கும் விளையாட்டு ஊர்திகள் யாவும் இவ்விதியைப் பின்பற்றுவன அல்ல. இங்கிலாந்தில் ஜேக் ஓடல் என்னும் பொறிவினைஞர், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளையே மகள் பள்ளிக்குக் கொண்டுசெல்ல இயலும் என்பதால், அவளுக்காகச் சாலை செப்பனிடும் உருளை வண்டி ஒன்றைச் சிறிதாகச் செய்து கொடுத்தார். அதிலிருந்து தோன்றியவையே 1953-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'மேட்ச்பாக்ஸ்' ஊர்திகள். அவை பெட்டிக்குள் அடங்கும்படி செய்யப்பட்டமையால், பெரிய லோரியும் சிறிய காரும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் அமைந்தன. விளையாட்டுக்கு அது போதும். நாம் கற்க விரும்பும் பாடத்திற்கு அது போதாது.

அளத்தலும் வரைதலும்

முதற்பணி உண்மை லோரியை அளப்பது. ஓட்டுநரிடம் அனுமதி பெற்று, இயந்திரம் நிறுத்தப்பட்டு, கைப்பிரேக் இடப்பட்ட பின்னரே அளவு நாடாவை எடுத்தல் வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருப்பது கட்டாயம். எக்காரணம் கொண்டும் பிள்ளைகள் லோரியின் அடியில் நுழையலாகாது. பக்கத்தில் நின்றே காணக்கூடியவற்றை அளந்தால் போதுமானது.

அளந்தவற்றை ஏட்டில் குறித்துக்கொண்டு, லோரியின் பக்கத் தோற்றம், முன் தோற்றம், பின் தோற்றம் ஆகிய மூன்றையும் மாதிரியின் அளவிலேயே தாளில் வரைய வேண்டும். வரையும்பொழுது ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடித்தல் நலம். எல்லா அளவுகளையும் ஒரே விளிம்பிலிருந்து குறிக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்த இடத்திலிருந்து அடுத்த பகுதியை அளந்து சென்றால், ஒவ்வொன்றிலும் நேரும் சிறு பிழை ஒன்றோடொன்று சேர்ந்து இறுதியில் பெரும் பிழையாகிவிடும். மாதிரியில் 1 மி.மீ. தவறினால், அது லோரியில் 2.5 செ.மீ. தவறியதற்கு ஒப்பாகும். 2.5 செ.மீ. விலகி நிற்கும் கதவு மூடுமா என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

மெல்லியவற்றை அளப்பது எவ்வாறு?

ஓர் அட்டையின் பருமனை அடிக்கோலால் அளக்க இயலாது. ஆனால், அதே அட்டையில் 20 துண்டுகளை அடுக்கி, இறுக்கிப் பிடித்து அளந்து, 20-ஆல் வகுத்தால் ஒன்றின் பருமன் கிடைக்கும். அடுக்கு 8 மி.மீ. எனின், ஓர் அட்டை 0.4 மி.மீ.; அது லோரியில் 1 செ.மீ. பருமனுள்ள இரும்பிற்கு ஈடாகும். கம்பியை அளப்பதற்கும் இவ்வாறே வழியுண்டு. பென்சிலின்மீது நெருக்கமாக 10 சுற்றுகள் சுற்றி, சுற்றிய அகலத்தை அளந்து 10-ஆல் வகுக்கலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

உறுப்புகளைச் செய்தல்

அடிச்சட்டம்: லோரியின் எடை முழுவதையும் தாங்குவது இதுவே. முன்னிருந்து பின்வரை நீளும் இரு இரும்புச் சட்டங்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்டு, ஏணிபோல் இஃது அமைந்திருக்கும். தடித்த அட்டையாலோ ஐஸ்கிரீம் குச்சிகளாலோ இதனைச் செய்யலாம். சட்டத்தின் உயரம் 20 செ.மீ. எனின் மாதிரியில் 8 மி.மீ.

ஸ்பிரிங் பட்டைகள்: அச்சின் மேல் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் இரும்புப் பட்டைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மேலே உள்ளது நீளமானது. கீழே செல்லச் செல்ல நீளம் குறையும். மணிலா அட்டையை 3 மி.மீ. அகலத்தில் கீற்றுகளாக்கி, 48, 40, 32, 24, 16 மி.மீ. என ஐந்து நீளங்களில் வெட்டிக்கொள்ள வேண்டும். நீண்ட பட்டையை முதலில் புட்டி ஒன்றின் வளைவில் வைத்து, மற்றவற்றை நீளம் குறையும் வரிசையில், நடுப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு பசையிட்டு ஒட்டி, நூலால் கட்டிக் காயவிட்டால் வளைவு நிலைத்துவிடும். பின்னர் அடுக்கைத் திருப்பி, நீண்ட பட்டை மேலிருக்க, மெல்லிய செம்புக் கம்பியால் அச்சோடு கட்டிவிடலாம்.

சக்கரங்கள்: ஆறு சக்கர லோரிக்கு முன்னே இரண்டும் பின்னே நான்கும் ஆக ஆறு; மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து ஏழு. பழைய சிலிப்பரிலிருந்து வட்டங்களை வெட்டி, நடுவில் ஆணியைச் செருகி, சுழற்றியவாறே மணல்தாளில் தேய்த்தால் வட்டம் சீராகும். இங்குக் கூர்ந்து நோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. முன் சக்கரத்தின் இரும்பு வட்டு வெளிப்புறமாகப் புடைத்திருக்கும். பின்னுள்ள இரட்டைச் சக்கரங்களில் வெளிச் சக்கரத்தின் வட்டு உட்புறமாகக் குழிந்திருக்கும். வட்டு ஒன்றேதான், மாட்டும் முறையே வேறு. இதனைக் கவனித்துச் செய்த மாதிரியைக் கண்ட ஓட்டுநர் கட்டாயம் பாராட்டுவார்.

எண்ணெய்த் தொட்டியும் புகைக்குழாயும்: சிறு மரத்துண்டு ஒன்றை 24 மி.மீ. நீளமும் 14 மி.மீ. உயரமும் உடையதாக அறுத்து, குளிர்பான டின்னின் மெல்லிய தகட்டால் போர்த்தினால் எண்ணெய்த் தொட்டி ஆகிவிடும். எழுதித் தீர்ந்த பேனாவின் மைக்குழல் 3 மி.மீ. குறுக்களவு உடையதாயின், அது 7.5 செ.மீ. புகைக்குழாய்க்குச் சரியான ஈடாகும்.

கதவுகள்: பின்கதவுகளைப் பூட்டும் நெடுங்கம்பிகளுக்குத் தாள் கவ்வியை நிமிர்த்திப் பயன்படுத்தலாம். கீல்களை மெல்லிய தகட்டுக் கீற்றுகளால் அமைக்கலாம். பக்கக் கண்ணாடிக்கு மிட்டாய் சுற்றிவரும் பளபளப்பான தாள் போதும்.

டின் தகட்டின் விளிம்பு கத்தியைப் போன்றது. அதனை வெட்டுவது பெரியவர் பணியாகட்டும்; வெட்டிய விளிம்பை உடனே மணல்தாளால் தேய்த்துவிட வேண்டும். பசையையும் சாயத்தையும் காற்றோட்டமுள்ள இடத்திலேயே பயன்படுத்த வேண்டும்.

நம் கையில் உள்ள கல்வி

இத்துணை நுட்பம் நமக்கு வருமா என்று தொழிலாளத் தோழர்கள் ஐயுறலாம். அவ்வையம் வேண்டியதில்லை. பால் சீவும்பொழுது ஒவ்வொரு முறையும் நாம் அகற்றும் பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தி ஆழ்ந்து மரத்தைக் காயப்படுத்தாதபடி, உட்புறத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்கிறோம். விடியலின் அரைகுறை வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், அடிக்கோல் இல்லாமலே இதனைச் செய்து முடிக்கும் கை நம்முடையது. மில்லிமீட்டர் என்னும் சொல்லை அறியாத மூதாட்டியின் விரல்களும் அந்த அளவை அறியும்.

ஆயினும், கையறிவு மட்டும் இருந்தால் அது கையோடு நின்றுவிடுகிறது. அதற்கு எண்ணும் வரைபடமும் துணையாகும்பொழுதுதான், தோட்டத்திற்கு வெளியேயும் செல்லுபடியாகும் திறனாக அது மாறுகிறது. லோரிக்குப் பெட்டி கட்டும் பட்டறையிலும், உலோகம் கடையும் தொழிற்கூடத்திலும், அச்சு வார்ப்புச் செய்யும் ஆலையிலும் முதலில் கேட்கப்படுவது வரைபடத்தைப் படித்து அதன்படி அளந்து வெட்டும் ஆற்றலே. மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்களும் மலேசியத் திறன் சான்றிதழுக்கான பயிற்சிகளும் இத்தகைய துறைகளுக்கு வழிகாட்டுகின்றன. ஏட்டுக் கல்வியில் பின்தங்கிய பிள்ளை, கைத்திறனிலும் பின்தங்கியதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுவது பெரும் இழப்பாகும். விகிதக் கணக்கைக் கரும்பலகையில் கண்டு மிரண்ட சிறுவன், தன் லோரியின் கதவு பொருந்தவில்லை என்றால் தானாகவே அக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பான்.

ஆகவே, பிள்ளை லோரி செய்யத் தொடங்கும்பொழுது, பெற்றோர் அருகில் அமர்ந்து இரண்டு வினாக்களைக் கேட்டால் போதும்: 'உண்மை லோரியில் இதன் அளவு என்ன? நீ செய்ததில் என்ன?' விடை தவறாயின் கடிந்துகொள்ளாமல், அடிக்கோலை அவன் கையிலேயே கொடுத்து மீண்டும் அளக்கச் செய்ய வேண்டும். மகனாயினும் மகளாயினும் இப்பயிற்சி ஒன்றேதான். மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் பொறுமையை நாம் நம் பெற்றோரிடம் கற்றோம். அதே பொறுமையை, அடிக்கோலோடும் பென்சிலோடும் சேர்த்து நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமாக.