ஆய்வு உதவியாளர் ஊதியத்தின் மூன்று கூறுகள்

அன்புப் பேத்திக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்கான அனுமதியும் உதவியாளர் பணிக்கான நியமனக் கடிதமும் சேர்ந்து வரும்போது, வீட்டார் அனைவரின் கண்ணும் மாதம் எத்தனை டாலர் என்ற ஒரே வரியில்தான் போய் நிற்கிறது. ஆனால் அத்தொகை உதவியாளர் ஊதியத்தின் ஒரு கூறு மட்டுமே. கல்விக் கட்டண விலக்கு, மருத்துவக் காப்பீடு ஆகிய மற்ற இரண்டும் பணமாகக் கைக்கு வருவதில்லை என்றாலும், அவை இல்லாவிட்டால் கைக்கு வரும் பணம் கட்டணத்துக்கே போதாமல் போய்விடும் என்பதால், ஒப்புதல் அனுப்புவதற்கு முன் மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கட்டண விலக்கு பல்கலைக்கழகம் மனமிரங்கித் தரும் நன்கொடை அன்று. இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, பேராசிரியரின் ஆய்வகத்தில் உழைப்பது ஆகியவற்றுக்கு ஈடாகவே அது தரப்படுகிறது. இப்பணி பெரும்பாலும் வாரத்துக்கு 20 மணி நேரம் என வரையறுக்கப்பட்டு, 50 சதவீத நியமனம் எனப்படுகிறது. எஃப்-1 விசாவில் செல்லும் மாணவர் பருவம் நடக்கும் காலத்தில் வளாகப் பணியில் இந்த 20 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்பது குடியேற்ற விதி. எனவே வேலை அளவு மீறும்போது, மேற்பார்வையாளரிடம் அதைப் பணிவோடும் எழுத்து மூலமாகவும் தெரிவிப்பது மாணவரின் உரிமை மட்டுமன்றி, விசாவைக் காக்கும் வழியுமாகும்.

விலக்கு எதை உள்ளடக்குகிறது, எந்த நிபந்தனையில் நிலைக்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் மாணவர் கணக்கைத் திறந்தால், முதல் வரியில் ஆயிரக்கணக்கான டாலர் கல்விக் கட்டணமும், அதற்கு நேராக அதைக் கழிக்கும் விலக்கும் இருக்கும். அதற்குக் கீழே வளாக வசதி, போக்குவரத்து, பன்னாட்டு மாணவர் சேவை என்ற பெயர்களில் சில நூறு டாலர் கழிக்கப்படாமல் நிற்கக்கூடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா–ஷாம்பெய்ன் வளாகத்தில் நியமனம் 25 முதல் 67 சதவீதத்துக்குள் இருந்தால்தான் விலக்கு உண்டு. பருவத்தின் நடுவில் பணியை விட்டால் முழுக் கட்டணமும் மாணவர் தலையில் விழும் இடங்களும் உள்ளன என்பதால், பணியை மாற்ற நினைப்பவர் முதலில் இந்த விதியைப் படித்தாக வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் சொற்களை அறியாமல் காலடி வைப்பது ஆபத்து. பிரீமியம் என்பது காப்பீடு நடைமுறையில் இருப்பதற்குக் கட்டும் சந்தா. பல்கலைக்கழகம் அதில் எத்தனை பங்கை ஏற்கிறது என்று பார்க்க வேண்டும். டிடக்டிபிள் என்பது காப்பீடு செலவை ஏற்கத் தொடங்குவதற்கு முன் நோயாளியே கட்ட வேண்டிய தொகை. அதன் பின் வரும் செலவிலும் நோயாளி ஏற்கும் விழுக்காட்டுக்குக் கோ-இன்சூரன்ஸ் என்று பெயர். டிடக்டிபிள் 500 டாலர், கோ-இன்சூரன்ஸ் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3,000 டாலர் மருத்துவமனைக் கட்டணத்தில் முதல் 500-ம், மீதமுள்ள 2,500-ல் ஐந்தில் ஒரு பங்கான 500-ம் சேர்ந்து 1,000 டாலர் மாணவர் கையிலிருந்தே போகும். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களின் பட்டியலாகிய நெட்வொர்க்குக்கு வெளியே சென்றால் இத்தொகை மேலும் ஏறும். பல்லும் கண்ணும் தனிக் காப்பீடாக இருக்கலாம். கோடை விடுமுறையில் காப்பீடு தொடர்கிறதா, கணவரையோ குழந்தையையோ சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு என்பவையும் புறப்படுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

வரி பற்றியும் ஒரு சொல். கற்பித்தலிலோ ஆய்விலோ ஈடுபடும் பட்டமேற்படிப்பு மாணவரின் கட்டண விலக்கு, அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 117(டி)(5) பிரிவின்படி வருமானமாகக் கருதப்படுவதில்லை; மாதந்தோறும் பெறும் ஊதியத்துக்கு மட்டும் வரி உண்டு. 2017-ல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வரி மசோதா இப்பிரிவை நீக்க முனைந்தது; அது நடந்திருந்தால் கையில் வாங்காத பணத்துக்கும் மாணவர்கள் வரி கட்ட நேர்ந்திருக்கும். நாடெங்கும் மாணவர்கள் எதிர்த்தனர். இறுதிச் சட்டத்தில் அந்த நீக்கம் இடம்பெறவில்லை.

இச்சலுகைகள் கேட்டுப் பெற்றவை என்பதை வரலாறு காட்டுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாக உதவி ஆசிரியர்கள் 1970-ல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் பெற்றனர். இல்லினாய் உதவியாளர்கள் 2009 நவம்பரில் கட்டண விலக்குக்கு உறுதி கேட்டு இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 2015 ஆகஸ்டில் மிசோரி பல்கலைக்கழகம், காப்பீடு முடிய ஒரு நாள்கூட இல்லாத நிலையில், பட்டமேற்படிப்பு உதவியாளர்களுக்கான காப்பீட்டு உதவியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அம்முடிவைத் தள்ளிவைத்தது. 2023-ல் டெம்பிள் பல்கலைக்கழகம், வேலைநிறுத்தம் செய்தவர்களின் கட்டண விலக்கையும் காப்பீட்டு உதவியையும் விலக்கிக்கொண்டது. வளாகத்தில் உதவியாளர் சங்கம் இருந்தால் அதன் ஒப்பந்தத்தை முழுவதும் படிப்பதும், உறுப்பினராகச் சேர்வதைப் பற்றி மூத்த மாணவர்களுடன் கலந்துபேசுவதும் நன்று.

கடிதத்தில் எழுதாத வாக்குறுதி எதுவும் கணக்கில் சேராது. விலக்கு எத்தனை ஆண்டுக்கு உறுதி, எந்தக் கட்டணங்கள் மீதம் நிற்கும், காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்ற மூன்று கேள்விகளையும் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, விடையைப் பத்திரப்படுத்திக்கொண்ட பிறகே பேத்தி கையெழுத்திட வேண்டும் என்பது தாத்தாவின் விருப்பம். பணத்தைப் பற்றிக் கேட்பது கல்வியின் மேல் உள்ள மதிப்பைக் குறைப்பதாகாது. கேட்காமல் போய் இரண்டாம் ஆண்டில் கடனுக்கு அஞ்சிப் பாதியில் விடுவதுதான் கல்விக்குப் பேரிழப்பு.

ஆய்வு சிறக்க ஆசிகளுடன்,
தாத்தா